ரதியின் அழுகை

இவ்வாரம் வாசகர்களுக்கு இலக்கண நூல்களிலிருந்து சில செய்திகள் கூற வேண்டியிருக்கிறது. அஞ்ச வேண்டா. வகுப்பறையில் எழுந்த ஒரு வினாவுக்கு விடை தேடப் புகுந்தே அந்நூல்களைக் கையில் எடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்த் தினப் போட்டிக்கென எங்கள் கல்லூரி மாணவர் தாமே ஒரு நாடகம் எழுதினர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமையே அதன் பொருள். தீபாவளி கழிந்து சரியாக ஒரு வாரம். பலகாரச் சட்டிகளின் எண்ணெய்கூடக் காய்ந்திராத வேளை. பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தனர். மண் சரிவதைக் காட்ட, பழுப்பு நிறப் படுதாவொன்றை மேலிருந்து விழச் செய்தனர். ஒத்திகையில் அப்படுதா விழுந்ததும், கூட்டத்தில் நின்ற மாணவி ஒருத்தி வாய் பேசாது மேடையை விட்டிறங்கி வெளியே சென்றுவிட்டாள். அவள் கொஸ்லந்தைப் பக்கத்துப் பிள்ளை, அந்நிகழ்ச்சியின்போது சிறுமி. நான் ஒத்திகையை நிறுத்தினேன்.

"ஏன் சேர் நிப்பாட்டுறீங்க? நடந்ததைத்தானே காட்டுறோம்?" என்றான், நாடகத்தை எழுதியவன்.

அன்று அவனுக்கு என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

இவ்வினா புதியதன்று. கி.மு. 494இல், கிரேக்கர் குடியேறி வாழ்ந்த மிலேட்டஸ் நகரைப் பாரசீகர் கைப்பற்றி அழித்தனர். அதன் பின் சிறிது காலத்தில் பிரினிக்கஸ் என்னும் நாடக ஆசிரியர், அந்நகரின் வீழ்ச்சியையே பொருளாகக் கொண்டு ஏதென்சில் ஒரு நாடகம் நடத்தினார். அரங்கு முழுவதும் கதறி அழுதது. பாராட்டும் பரிசும் கிட்டியிருக்கும் என்று நாம் நினைப்போம். ஏதென்ஸ் நகரத்தாரோ அவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் ஆடலாகாதென்றும் தடுத்துவிட்டனர். தங்கள் சொந்தத் துன்பத்தையே நினைவூட்டினார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். இச்செய்தியை எழுதி வைத்தவர் ஹெரொடோட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர்.

கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்ற நாடகத்தை அதே நகரில் அரங்கேற்றினார். அதுவும் அண்மைக் காலத்துப் போரைப் பற்றியதே. ஆனால் அங்கே அழுகிறவர்கள் தோற்றுப்போன பகைவர். கதை நிகழ்வதும் தொலைவிலுள்ள பகைவரின் தலைநகரில். அதற்குப் பரிசு கிட்டியது. பிறர் அழுகையைக் கண்டு நெகிழ முடிந்த மக்களாலேயே, தம் அழுகையை மேடையிற் காணப் பொறுக்க முடியவில்லை.

நம் நாட்டு நாடக நூலார் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். பரதரின் நாட்டிய சாத்திரம் உலகில் நிகழும் உணர்ச்சியைப் 'பாவம்' என்றும், அது நடிப்பின் வழியாகக் காண்போர் உள்ளத்திற் சுவையாக மாறுமிடத்து 'ரசம்' என்றும் வேறுபடுத்தும். சோகம் என்பது துன்பம். அதிலிருந்து பிறக்கும் கருணை ரசமோ துய்க்கத்தக்கது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், இந்நூலுக்கு உரை வகுக்குமிடத்து, ரசம் தோன்றுவதற்குத் தடைகள் ஏழு என்று எண்ணுகிறார். அவற்றுள் ஒன்று, காண்பவன் தன் சொந்த இன்ப துன்பங்களுக்கு வசப்பட்டிருத்தல். பாட்டும் வாத்தியமும் அரங்கின் அலங்காரமும் அமைந்திருப்பது, அவனை அவனிடமிருந்து சற்றே விலக்கி வைப்பதற்காகவே என்பது அவர் கருத்து. பிரினிக்கசின் வழக்கை அவரிடம் கொண்டு சென்றிருந்தால், தீர்ப்பு நொடியில் கிடைத்திருக்கும்.

தமிழுக்கு வருவோம். தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலும் எட்டு உணர்ச்சிகளையே கூறுகிறது. ஆயினும் ஒவ்வொன்றும் எதனின்று பிறக்கிறது என நந்நான்கு நிலைக்களன் வகுத்திருப்பது அதன் தனிச் சிறப்பு. அழுகைக்கு அவர் காட்டும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இகழ்தல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலையினின்று தாழ்தல் அசைவு. வறுமைக்கு உரை வேண்டியதில்லை. இப்பகுதியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கூச்சம் உண்டாகும். பிற மாணவருக்கு எடுத்துக்காட்டுத் தேடிக் கொடுக்க வேண்டும். இவர்களுக்கோ நான்கும் வீட்டிலேயே இருக்கின்றன.

மேனாட்டிற் பிளேட்டோ, துன்பியல் நாடகம் மக்களை அழப் பழக்கி நெஞ்சுறுதியைக் கெடுக்கும் என்று சொல்லி, கவிஞர்களைத் தம் இலட்சிய நகரினின்று விலக்கினார். அவர் மாணவராகிய அரிஸ்டாட்டில், இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வழியே அவற்றுக்கு ஒரு 'கதார்சிஸ்' உண்டாக்குவதே அந்நாடகத்தின் பயன் என்றார். அச்சொல் தூய்மை செய்தலைக் குறிக்குமா, மருத்துவர் பேதி கொடுத்தலைக் குறிக்குமா என்று அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகின்றனர். அச்சண்டையில் நாம் புக வேண்டியதில்லை. இவ்விரு நாடுகளின் நாடகங்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க விரும்பும் இளைஞருக்கு, கரவெட்டி தந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி வழிகாட்டியாவார். கிரேக்க நாடகத்தின் பிறப்பைச் சடங்கிற் கண்ட ஜோர்ஜ் தொம்சனிடம் பர்மிங்காமிற் பயின்று, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி அவர் செய்த ஆய்வு 1981இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

சடங்கு என்றதும் என் நினைவு மாசி மாதத்துக்குச் செல்கிறது. ஒத்திகை நின்றுபோன அதே மாசியில், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் காமன் கூத்துப் பார்க்கச் சென்றிருந்தேன். தியலும அருவி 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பள்ளத்தாக்கின் குளிர் இரவில் எலும்பைத் தொடும். தமிழகத்திலிருந்து தேயிலைக்கும் கோப்பிக்கும் வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கொண்டுவந்த கூத்து இது. மாசி அமாவாசை கழிந்து காமனை ஊன்றுவர்; ரதியும் மதனும் வேடம் புனைந்து ஆடுவர்; பௌர்ணமியையொட்டிச் சிவனுடைய நெற்றிக் கண்ணால் மதன் எரிவான். ஏதென்சிற் போலவே இங்கும் பெண் வேடம் கட்டுபவர் ஆண்களே. ஆனால் ஒரு வேறுபாடு. கிரேக்கர் சாவை மேடையிற் காட்டாது, தூதன் வாயாற் சொல்ல வைப்பர். பரதரும் சாவைக் காட்டுவதை விலக்குவார். காமன் கூத்திலோ தீ கண்முன்னே எரிகிறது.

தீ எரிந்தபின் ரதி அழத் தொடங்கினாள். அழுகை முடிவதாக இல்லை. சற்றுத் தணியும், தப்பு முழங்கும், மீண்டும் மூளும். எனக்கு மம்மடர் நினைவுக்கு வந்தார். காளிதாசரின் குமாரசம்பவத்து நான்காம் சருக்கம் முழுவதும் ரதியின் புலம்பலே. ஒரே சுவையை மீண்டும் மீண்டும் மூட்டுதல் குற்றம் என்று கூறி, அதற்கு எடுத்துக்காட்டாக அப்புலம்பலையே காட்டினார் மம்மடர். காளிதாசருக்கே குற்றப் பத்திரிகை வழங்கிய அப்பெரியார், ஒருநாள் இரவு தோட்டத்து மைதானத்தில் சாக்கு விரித்து அமர்ந்திருந்தால் தம் கருத்தை மாற்றியிருப்பாரோ என்னவோ. ஏனெனில் என்னைச் சுற்றியிருந்த பெண்கள் முதல் முறை அழவில்லை, இரண்டாம் முறையும் அழவில்லை. மூன்றாம் முறை ரதி தலைவிரித்து நிலத்தில் விழுந்தபோதுதான் முந்தானைகள் கண்ணுக்குப் போயின.

என் பக்கத்திலிருந்த மூதாட்டி ஒருவர் விம்மி விம்மி அழுதார். மண்சரிவில் அவர் மகனை இழந்தவர் என்று என்னை அழைத்துச் சென்ற நண்பர் முன்னரே காதிற் சொல்லியிருந்தார். விடியற்காலையில், பிளேன்டீ குடிக்கும்போது, தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பாட்டி, யாரை நினைத்து அழுதீர்கள்?"

"ரதிக்குத்தாங்க சேர். புருசன் போன புள்ள இல்லையா?"

சிறிது நேரம் பேசாதிருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம மகனுக்கு அழ ஆரம்பிச்சா நிப்பாட்ட முடியாதுங்க. இது விடிஞ்சா முடிஞ்சிரும்."

பரதர் இன்னொரு நுட்பமும் சொல்லியிருக்கிறார். மீண்டும் கூடுவோம் என்னும் நம்பிக்கை எஞ்சியிருக்குமானால் அது பிரிவுத் துயர். நம்பிக்கையே அற்றவிடத்துப் பிறப்பதே கருணை. ரதியினது எது? கந்தபுராணம் கூறும்படி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மதன் எழுப்பப்படுகிறான். கூத்திலும் அவனை எழுப்புவர். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று தஞ்சாவூர்ப் பக்கத்தில் இரு கட்சியாகப் பிரிந்து இரவெல்லாம் லாவணி பாடுவது, பரதர் எழுப்பிய இந்த வினாவைத்தான் போலும். மூதாட்டியாரின் துயரத்துக்கு அவ்வாறு இரு கட்சி இல்லை.

இவற்றையெல்லாம் மறுவாரம் மாணவரிடம் கூறினேன். கேட்டுக்கொண்டிருந்த நாடகாசிரியன் எழுந்தான்.

"அப்படீன்னா நடந்ததை யாருமே சொல்லக்கூடாதா சேர்? அந்த இடம் ஆபத்துன்னு முன்னாடியே எச்சரிக்கை குடுத்திருந்தாங்களாம். ரதிக்காக அழுதா அது யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்வி. பிளேட்டோவுக்கும் இவனுக்கும் வெகு தூரமில்லை என்று எண்ணிக்கொண்டேன். பிரினிக்கசின் கதையிலும் நான் சொல்லாது விட்ட பகுதி ஒன்றுண்டு. பாரசீகரை எதிர்த்து மிலேட்டசும் அதன் அண்டை நகரங்களும் கிளர்ந்தபோது ஏதென்ஸ் முதலில் 20 கப்பல்களை அனுப்பியது. பின்னர் கை விரித்துவிட்டது. அரங்கில் ஏதென்ஸ் மக்கள் அழுத அழுகையில் இழவு மட்டும்தான் இருந்ததா, கைவிட்டவரின் நாணமும் இருந்ததா? ஆயிரம் திராக்மா எதனை மூடுவதற்குக் கொடுத்த விலை? இதை மறைத்தது என் பிழையே. மாணவரிடம் அதனையும் சொன்னேன்.

அவ்வாண்டுப் போட்டிக்கு நாங்கள் எதனையும் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அப்பையன் நாடகத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். படுதா இல்லை, மண் இல்லை, மலையும் இல்லை. தபாற்காரர் ஒருவர் தோட்டத்துக்குக் கடிதக் கட்டுடன் வருகிறார். ஒவ்வோர் உறையிலும் உள்ள பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் படிக்கிறார். வாங்க ஆளில்லை. கடைசி உறை மட்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது; இடம் பெயரச் சொல்லும் அறிவித்தல். அதனை அவர் படித்து முடிப்பதோடு விளக்கு அணைகிறது. தூதனைக் கொண்டு சாவைச் சொல்விக்கும் கிரேக்க முறையை நான் வகுப்பிற் கூறியதிலிருந்து எடுத்தானா, தானே கண்டானா என்று நான் கேட்கவில்லை.

ஒத்திகை நாளன்று, முன்னர் இறங்கிச் சென்ற மாணவியிடம், விரும்பினால் வராதிருக்கலாம் என்று சொல்லி வைத்தேன். அவள் வந்தாள். மண்டபத்தின் கடைசி வாங்கில் அமர்ந்து இறுதிவரை பார்த்தாள். அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.