ஃபேக்டர் பலிக்காத பிள்ளைகளுக்கு

ஹீமோபிலியா நோயோடு பிறந்த சிறுவனின் முழங்கால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து, பொழுது சாய்வதற்குள் அது வீங்கிப் பளபளத்துச் சூடேறி, காலை நீட்டவும் மடக்கவும் மாட்டாமல் அவன் துடிக்கும்போது, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டே கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு விரையும் தாய்க்கு, ஃபேக்டர் என்னும் உறைவுக் காரணி ஊசி ஒன்றே நம்பிக்கை. அந்த ஊசியும் பலிக்காமற்போனால் அவள் என்ன செய்வாள்?

இது அபூர்வமான விபத்தன்று. எட்டாம் உறைவுக் காரணி அற்றுப்போன கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளிகளில் நூற்றுக்கு 25 முதல் 30 பேருக்கு, உயிர்காக்கச் செலுத்திய அக்காரணியையே அந்நியமெனக் கருதித் தேகம் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்துவிடுகிறது. இன்ஹிபிட்டர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் ஃபேக்டர் ஏற்றிய முதல் 50 நாட்களுக்குள், அதாவது குழந்தைப் பிராயத்திலேயே, இது தலைகாட்டுகிறது. எதிர்ப்பொருளின் அளவு பெதெஸ்டா அலகில் 5-ஐத் தாண்டிவிட்டால் வழக்கமான ஃபேக்டரால் பிரயோஜனமில்லை. வேறு மார்க்கமாக இரத்தத்தை உறையவைக்கும் செயலூக்கப்பட்ட ஏழாம் காரணியையோ ஃபீபா என்னும் மருந்தையோ செலுத்தவேண்டும். முன்னதை இரண்டு மூன்று மணிக்கொரு தரம் போட்டாகவேண்டும். விலையோ ஏழைக் குடும்பம் நினைத்துப் பார்க்கவும் கூடாதது.

1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் புதுவையில் இருப்பது பெருமைதான். ஆனால் மத்திய சர்க்காரின் அந்த ஸ்தாபனத்தைக் காட்டிப் புதுவை சர்க்கார் ஒதுங்கி நிற்பது நியாயமாகாது. 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காரைக்கால் குழந்தை பஸ்ஸில் வந்து சேரும் வரை மூட்டுக்குள் கசியும் இரத்தம் காத்திருக்காது.

கசிந்தபின் ஓடுவதைவிடக் கசியாமற் காப்பதே மேல். அதற்கு உதவும் எமிசிஸுமாப் என்னும் மருந்தை எதிர்ப்பொருள் தீண்டுவதில்லை. நரம்பைத் தேடாமல் தோலுக்கடியில், வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ போட்டால் போதும். எதிர்ப்பொருள் உள்ளவர்களிடையே நடந்து 2017-ல் வெளியான ஆராய்ச்சியில் இரத்தக்கசிவு நூற்றுக்கு 87 பங்கு குறைந்தது. இம்மருந்து ஏற்றவருக்கு ஃபீபாவை அதிகம் கொடுத்தால் இரத்தக்குழாய் அடைத்து ஆபத்து நேரும் ஆகையால், மருந்தோடு பயின்ற வைத்தியரும் அவசியம். செலவு மிகுதி என்பார்கள்; மெய்தான். ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதை இலவசமாக வழங்கக் கேரளம் 2024-ல் முன்வந்தது. கேரளம் சூழ்ந்த நம் புதுவைப் பிரதேசமான மாஹேயின் பிள்ளைக்கு மட்டும் அது எட்டாக்கனியாக இருக்கலாமா?

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவை மாற்றுத்திறன் வகைகளுள் சேர்த்திருக்கிறது. ஆகவே நாம் கேட்பது தர்மமன்று, உரிமை. ஃபேக்டர் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் தவறாத இன்ஹிபிட்டர் பரிசோதனைக்கும், எதிர்ப்பொருள் கண்ட பிள்ளைகளுக்கு எமிசிஸுமாப் மருந்துக்கும் வரும் பட்ஜெட்டிலேயே தனி நிதி ஒதுக்கவேண்டும். புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலும் அரசு ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் ஏழாம் காரணி இரவும் பகலும் இருப்பில் இருக்கவேண்டும் என்று சுகாதார மந்திரியை வற்புறுத்துகிறோம்.