கறுப்பா, பழுப்பா, வெள்ளையா?

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

சாக்லேட் என்றால் நாவூறாதார் யார்? வகுப்பில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால் அன்று எல்லார் கையிலும் அதுதான். ஆனால் கறுப்பு, பழுப்பு, வெள்ளை என மூன்று நிறங்கள் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "பால் கூடக் குறைய இருக்கும்" என்பார்கள். அது பாதி விடைதான்.

கோகோ மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் பிறந்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. அதன் விதையைப் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து அரைக்கிறார்கள். விதையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. அதற்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். பசுவுக்கும் அதற்கும் யாதொரு உறவுமில்லை. மீதியே நிறமும் கசப்பும் தரும் கோகோத் தூள்.

கறுப்பு சாக்லேட்டில் தூள், கோகோ வெண்ணெய், சர்க்கரை. பழுப்பில் இவற்றோடு பாலும் சேரும். 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் செய்து காட்டியது இது. வெள்ளையில் தூளே கிடையாது; வெண்ணெய் மட்டும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, கறுப்பில் கோகோப் பொருள் 35 விழுக்காடும், பழுப்பில் 25 விழுக்காடும், வெள்ளையில் கோகோ வெண்ணெய் 20 விழுக்காடும் குறைந்த அளவாக இருக்க வேண்டும். வெள்ளை என்பது சாக்லேட்டே அன்று என வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதையின் பாதி அதில் இருக்கிறதே!

என் வழக்கு நான்காவது ஒன்றின் மீது. கோகோ வெண்ணெய் விலை மிகுந்தது. அதை எடுத்துவிட்டு, எண்ணெய்ப்பனைக் கொட்டையின் கொழுப்பை இட்டு, கொஞ்சம் தூளும் நிறையச் சர்க்கரையும் கலந்துவிட்டால், நிறத்தைக் கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொழிலில் இதற்குக் 'காம்பவுண்டு' என்று பெயர். (நம் ஆய்வகத்துக் காம்பவுண்டு அன்று!)

இதில் ஒரு வேடிக்கை. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். வாயின் வெப்பம் 37. நாவில் பட்டதும் கரையும் இன்பம் அதனால்தான். ஆனால் புதுக்கோட்டைச் சித்திரை வெயில் வாயையும் மிஞ்சியது. என் அத்தையின் பெட்டிக்கடையில் நல்ல சாக்லேட் பகலில் உருகி, இரவில் இறுகி, மேலே சாம்பல் பூத்துவிடும். பூஞ்சை பிடித்ததென்று வாங்கியவர்கள் திருப்பித் தருவார்கள். அது பூஞ்சை அன்று. கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. உருகி மீண்டும் உறையும்போது கொழுப்பு வேறு வடிவெடுத்து மேலே படிகிறது. உண்டால் கேடில்லை. இதை யார் அவர்களுக்குச் சொல்வது? நட்டம் அத்தைக்கு. பனைக்கொட்டைக் கொழுப்பிலோ வெயிலைத் தாங்குகிற வகைகள் உண்டு. ஆக, அத்தைக்கு அதுவே நல்ல சரக்கு. அதை நான் குறை கூறமாட்டேன். ஐந்து ரூபாய்க்கு இனிப்பு கேட்கும் பிள்ளைக்கும் ஏதாவது வேண்டுமே!

அது இன்னது என்று தெரிந்து வாங்க வேண்டாமா என்பதே என் கேள்வி. உறையில் எழுதித்தான் இருக்கிறது, எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். உணவுப் பொருளின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். மற்ற மொழிகள் கூடுதலாக இருக்கலாம். அதாவது, இல்லாமலும் இருக்கலாம். எடையில் மிகுந்த பொருளை முதலில் எழுத வேண்டும் என்ற அருமையான விதியும் அதே சட்டத்தில் உண்டு. யாருக்குப் பயன்?

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். தாம் நாள்தோறும் விற்கும் பண்டத்தில் முதற்பெயர் சர்க்கரை, இரண்டாவது வேறு கொழுப்பு என்று அத்தை அறிய, நான் விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் உறையில் தமிழில் மூன்று வரி கேட்கிறேன்: கோகோ எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எதனுடையது. விளம்பரத்தை மட்டும் நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் அச்சிட அவர்களுக்கு இடம் கிடைக்கிறதே!