முதல்ல நிக்கட்டும்... அப்புறம் பறக்கட்டும்!

'ரெண்டாவது கியர்' பகுதிக்கு இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு நம்மை ரொம்பவே உசுப்பிவிட்டது. "சித்தப்பா தன்னோட 2014 மாடல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரை என்கிட்ட கொடுத்துட்டார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ட்ராக் டே போகணும். கையில ஒரு லட்சம் இருக்கு. ரீமேப் பண்ணலாமா, எக்ஸாஸ்ட் மாத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார் மதுரை வாசகர் ஒருத்தர்.

ரெண்டும் வேணாம் பாஸ்! அந்த ஒரு லட்சத்தை அப்படியே வெச்சுக்கிட்டு இந்தப் பக்கத்தை முழுசாப் படிங்க.

முதல்ல, கையில இருப்பது என்ன வண்டின்னு பார்ப்போம். 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6, 100 குதிரையோட நம்ம ஊர் பசங்களைக் கிறுக்குப் பிடிக்க வெச்சது. அதுக்கப்புறம் 'ஹாட் ஹாட்ச்'னு நெஞ்சைத் தொட்டுச் சொல்ற மாதிரி வந்தது 2013-ல், இந்த ஜி.டி. டி.எஸ்.ஐ.தான். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை, 175 என்.எம். டார்க், ஏழு கியர் டி.எஸ்.ஜி. இந்தியாவுல போலோ தயாரிப்பே 2022-ல் நின்னுபோச்சு. அதனால சித்தப்பா கொடுத்தது சும்மா கார் இல்ல, சொத்து!

அடுத்தது ட்ராக் டே. இது ரேஸ் இல்ல. ஜெயிக்கிறது, தோக்கிறது எதுவும் கிடையாது. பதினைஞ்சு, இருபது நிமிஷம் உள்ளே விடுவாங்க, ஓட்டிட்டு வெளியே வரணும், அவ்ளோதான். இருங்காட்டுக்கோட்டையில 1990-ல் திறந்த ட்ராக்கோட நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அதைவிடச் சின்னது. ரெண்டுமே தமிழ்நாட்டுல இருக்கிறது நம்ம அதிர்ஷ்டம். ஈ.சி.ஆர்-ல ராத்திரி ரெண்டு மணிக்கு உயிரைப் பணயம் வெச்சு 'சீன்' போடறவங்களுக்கு இது யாராவது எடுத்துச் சொன்னா நல்லாருக்கும்.

ரைட்டு, மேட்டருக்கு வருவோம். ஏன் இன்ஜின்ல கை வைக்க வேணாம்கறேன்?

ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் எடுங்க. நீங்களும் காரும் சேர்ந்து 1,200 கிலோன்னு வெச்சுக்கங்க. நேர் ரோட்டுல 160-ல் வர்றீங்க. வளைவுக்கு முன்னாடி 80-க்கு இறங்கணும். மூணே செகண்ட் டைம். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க... கிட்டத்தட்ட 0.89 மெகா ஜூல் சக்தி பிரேக்குக்குப் போகுது. மூணு செகண்டால வகுத்தா சுமார் 300 கிலோவாட். உங்க இன்ஜினோட மொத்த சக்தியே 77 கிலோவாட்தான்! அதாவது, உங்க வண்டியிலேயே பெரிய மெஷின் இன்ஜின் இல்ல, பிரேக். நாலு மடங்கு பெரிசு.

அந்த சக்தி எங்கே போகும்? எல்லாம் சூடு. பிரேக் பிடிச்சா வண்டி முன்னாடி சாயறதால எழுபது சதவிகிதம் முன் சக்கரத்துல விழுதுன்னு எடுத்துக்கிட்டா, அஞ்சு கிலோ எடையுள்ள ஒரு இரும்பு டிஸ்க், அந்த ஒரே பிரேக்கிங்குல 130 டிகிரிக்கு மேல சூடேறும். ஆறுவதுக்குள்ள அடுத்த வளைவு. அதுக்கடுத்து இன்னொண்ணு. மூணாவது லேப்புல டிஸ்க் என்ன கதியில இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. சிட்டியில சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற பிரேக்கை இந்தக் கொடுமைக்காக யாரும் டிசைன் பண்ணலை.

இதுல ரெண்டு விதமா மாட்டிப்பீங்க. வித்தியாசம் தெரியறது ரொம்ப முக்கியம்.

பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா பேட் சூட்டுல பிடிப்பை விட்டுடுச்சுன்னு அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, தரை வரைக்கும் போகுதா? அப்போ பிரேக் ஆயில் கொதிச்சுடுச்சு. முதலாவது பயமுறுத்தும். ரெண்டாவது ஆளையே காலி பண்ணும். திரவத்தை அமுக்க முடியாது, அதனாலதான் உங்க கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகுது. கொதிச்சு ஆவி குமிழ் வந்துட்டா, அந்தக் குமிழ்தான் அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்ச நண்பர்களுக்கும் இது புரியும்!

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு கெட்ட பழக்கம்: காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் குடிச்ச பிறகு, விதிப்படி 155 டிகிரி தாங்கினாலே பாஸ். 75 டிகிரி வித்தியாசம்! சித்தப்பா கடைசியா எப்போ மாத்தினார்னு கேட்டுப் பாருங்க. "பிரேக் ஆயிலை மாத்தணுமா?"ன்னு அவர் திருப்பிக் கேட்டாலும் ஆச்சர்யமில்ல. சில நூறு ரூபாய் சமாசாரம். அதுதான் நீங்க போடற முதல் 'பெர்ஃபார்மன்ஸ் பார்ட்'. டாட் 5.1 கிடைச்சா இன்னும் நல்லது, புதுசுல குறைஞ்சது 260 டிகிரி தாங்கும். ஆனா கடைக்காரர் வெறும் 'டாட் 5' எடுத்து நீட்டினா வாங்காதீங்க. அது சிலிக்கான் ஜாதி, இதோட சேராது. பேர்ல ஒரு புள்ளி ஒண்ணுதான் வித்தியாசம், ஆள் மொத்தமா வேற!

அடுத்தது, முன் பிரேக் பேட். அதிக சூடு தாங்கற ரகம் கேட்டு வாங்குங்க. போட்டவுடனே ட்ராக்குக்கு ஓடக் கூடாது. ஆள் இல்லாத ரோட்டுல 80-லேர்ந்து 20 வரைக்கும், முழுசா நிறுத்தாம, எட்டுப் பத்து தடவை பிடிச்சுப் பழக்கணும். அப்போதான் பேட்டும் டிஸ்க்கும் ஒட்டி உறவாடும். காலையில ஜில்லுனு இருக்கும்போது கொஞ்சம் கீச்சுனு கத்தும், வீட்டுல திட்டு விழும், பொறுத்துக்கங்க. ஓட்டை போட்ட டிஸ்க் அழகா இருக்கேன்னு மயங்காதீங்க. விலை குறைஞ்ச ரகத்துல சூட்டுல அந்த ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும். சாதா டிஸ்க்கே போதும்.

இப்போ டயர். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில முன் டயர் பாவம். பிரேக், திருப்பல், இழுப்புன்னு மூணு வேலை. ஹாஸ்டல்ல ஒரே ஆள் மூணு பேரோட ரெக்கார்ட் நோட்டை எழுதற மாதிரி! மூணையும் ஒரே நேரத்துல கேட்டா எதையுமே செய்யாது. ஸ்டீயரிங்கைத் திருப்புவீங்க, வண்டி நேராப் போகும். அதனால பிரேக்கை நேர் கோட்டுல முடிச்சுட்டு, அப்புறம் திருப்பி, வளைவு விரியும்போதுதான் ஆக்ஸிலரேட்டர். நல்ல டயர் நாலு வாங்கினா பட்ஜெட்டுல பெரிய துண்டு போயிடும். ஆனாலும் வாங்குங்க. டயர் அஞ்சாறு வருஷத்தைத் தாண்டியிருந்தா பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் காய்ஞ்சு போயிருக்கும். பக்கவாட்டுல நாலு எண் இருக்கும் பாருங்க. 2318-னு இருந்தா 2018-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்ததுன்னு அர்த்தம்.

காத்து விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடறாங்க. 30 டிகிரியில 30 பி.எஸ்.ஐ. வெச்சு உள்ளே போனீங்கன்னா, டயருக்குள்ள காத்து 70 டிகிரி ஆகும்போது கிட்டத்தட்ட 36 ஆகியிருக்கும். ப்ளஸ் டூ கேஸ் விதிதான். காத்து ஏறினா டயர் பந்து மாதிரி உப்பி, ரோட்டுல படற இடம் குறையும். அதனால ஒவ்வொரு தடவை வெளியே வந்ததும், சூட்டோட சூடா அளந்து கொஞ்சம் இறக்குங்க. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்திக்கங்க. ராத்திரி ஹைவேஸ்ல காத்து கம்மியா மதுரை வரைக்கும் போறது ட்ராக்கைவிட ஆபத்து.

சஸ்பென்ஷன்ல கோடி ரூபாய் கிட் பத்தியெல்லாம் பேச வேணாம். பத்து வயசைத் தாண்டின வண்டி. லோயர் ஆர்ம் புஷ், ஷாக், இன்ஜின் மவுன்ட்டிங்... தேய்ஞ்சதை மாத்தி அலைன்மென்ட் பார்த்தாலே புது வண்டி மாதிரி ஆயிடும். ஸ்ப்ரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்தற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ப்ளீஸ்!

டி.எஸ்.ஜி. பத்தி ஒரு வார்த்தை. இதுக்குள்ள இருக்கிற ரெண்டு கிளட்ச்சும் உலர் ரகம். எண்ணெய்க் குளியல் கிடையாது, காத்துலதான் ஆறணும். இந்த கியர்பாக்ஸ் 250 என்.எம். வரைக்கும்னு டிசைன் பண்ணது. ரீமேப்ல டார்க்கை ஏத்தினா, அந்தக் கிளட்ச்தான் முதல்ல அழும். பிட்ல வரிசையில நிக்கும்போது இன்ச் இன்ச்சா ஊர்ந்து போகாதீங்க, நியூட்ரல்ல போட்டு நில்லுங்க. கியர்பாக்ஸ் சூடுன்னு வார்னிங் வந்தா அந்த செஷன் அவ்ளோதான், மெதுவா வெளியே வந்துடுங்க. இதை மாத்தற செலவுல ரெண்டு வருஷம் செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம்!

சட்டம் என்ன சொல்லுது? தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லியாச்சு. நான் மேலே சொன்னதெல்லாம் தேய்ஞ்சதுக்குப் பதிலா நல்லதைப் போடற வேலைதான், அதனால நிம்மதி. இன்ஷூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் படிங்க. ரேஸ், வேகச் சோதனைக்கெல்லாம் பாலிசி செல்லாதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். ட்ராக்ல பம்பர் போனா உங்க பர்ஸ்தான். சித்தப்பாகிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க.

ஹெல்மெட்டுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. 2023 ஜனவரியில இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல நடந்த ரேஸ் விபத்துலதான் மூத்த வீரர் கே.ஈ.குமார் இறந்துபோனார். எத்தனையோ வருஷம் ரேஸ் ஓட்டின மனுஷர், பக்கத்துலயே ஆம்புலன்ஸ் இருந்தது. அவருக்கே அப்படின்னா, நேத்து ஹெல்மெட் வாங்கின நாம எவ்வளவு நிதானமா இருக்கணும்?

ஆயில், பேட், டயர், புஷ், ஹெல்மெட், என்ட்ரி ஃபீஸ் எல்லாம் போக மிச்சம் இருந்தா, கூட உட்கார்ந்து சொல்லித் தர்ற கோச் யாராவது இருக்காங்களான்னு கேளுங்க. அஞ்சு லேப்புல அவர் சொல்றது, எந்த எக்ஸாஸ்ட்டும் தராத வேகத்தைத் தரும்.

அன்னிக்குக் காலையில டிக்கியைக் காலி பண்ணுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, சித்தப்பாவோட பழைய குடை, எல்லாத்தையும் பிட்லயே இறக்கி வெச்சுடுங்க. வளைவுல ஒரு தண்ணி பாட்டில் உருண்டு வந்து பெடலுக்குக் கீழே சிக்கினா போதும், கதை கந்தல். செஷன் முடிஞ்சா நேரா உள்ளே வந்து நிறுத்தாம, பிரேக்கே தொடாம ஒரு லேப் மெதுவா ஓட்டி ஆற விடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க. சூட்டுல பின் டிரம் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கும். 'பி'-ல போட்டுட்டு சக்கரத்துக்கு ரெண்டு செங்கல் வெச்சாப் போதும். அந்தச் செங்கல்லையும் ஊர்லேர்ந்தே கொண்டு போங்க, ட்ராக் பக்கம் தேடினா கிடைக்காது!