யாரிட்டப் போய்க் கேக்கிறது?

எங்களில் 30 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரும் மாகாண சபைக்கு வாக்குப் போட்டதில்லை. வடக்கில் அந்தத் தேர்தல் நடந்தது ஒரேயொரு தடவை, 2013 செப்டெம்பரில். தெரிவான 38 பேரின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. பிறகு ஆளுநர்தான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர் இல்லை, கிராமத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை. இதெல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. ஆனால் ஆளுநரை நியமிக்கிறது ஜனாதிபதி. அவர் எங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

"சபை இருக்கேக்க மட்டும் என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று பெரியாக்கள் கேட்கினம். நியாயமான கேள்விதான். தீர்மானங்கள் குவிந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை. ஆனாலும் கோபம் வந்தால் அடுத்தமுறை தோற்கடிக்க ஓர் ஆள் இருந்தார். இப்ப அதுவும் இல்லை.

ஆகவே தேர்தலைக் கேட்போம். அதோடு இன்னொன்றையும் கேட்போம்: வெல்லுறவர் மாதம் ஒருக்கா சனசமூக நிலையத்துக்கு வரவேணும். எவ்வளவு காசு வந்தது, எந்த ரோட்டுக்குப் போனது, எது ஏன் நடக்கேல்லை எண்டு சொல்லவேணும். நாடா வெட்டுற படத்தை முகநூலில் போடுறது கணக்குக் காட்டுறது ஆகாது.