பாலம் எப்போது முடியும்? யாரைக் கேட்பது?

சயான் ரயில் நிலையத்தை ஒட்டி, தண்டவாளங்களுக்கு மேலே நின்ற ரோட்டுப் பாலம் 1912-ல் கட்டியது. தாராவியிலிருந்து அம்பேத்கர் ரோட்டுக்கு ஏற நம்மவர்கள் மூன்று தலைமுறையாக மிதித்த பாலம். அது 2024 ஆகஸ்ட் 1-ந் தேதி வாகனங்களுக்கு மூடப்பட்டது.

இடிக்க வேண்டிய பாலம்தான். அதில் யாருக்கும் தகராறு இல்லை. மும்பை ஐ.ஐ.டி. நிபுணர்கள் பார்த்து, இனித் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். தவிரவும் சி.எஸ்.எம்.டி.க்கும் குர்லாவுக்கும் இடையே 5-வது, 6-வது பாதை போட வேண்டும். நடுவில் தூண் இல்லாத நீளமான பாலம் இருந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும். லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆகவே பாலத்தை ஏன் இடித்தாய் என்பது நமது கேள்வி அல்ல. இடித்துக் கட்டுகிறவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே கேள்வி.

2024 ஜனவரியில் மூடப்போவதாக முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு வந்தது. பிறகு பரீட்சைக்காகத் தள்ளிப்போயிற்று, பிறகு தேர்தல் வந்தது, கடைசியில் ஆகஸ்ட். வேலை முடிய இரண்டு ஆண்டு ஆகும் என்றார்கள். செலவு ஏறக்குறைய 50 கோடி ரூபாய். மாற்றுப் பாதை என்று காட்டிய ஒன்று, சயான் ஆஸ்பத்திரிப் பக்கமாக சுலோசனா ஷெட்டி ரோடு வழியே கும்பார்வாடாவுக்குள் இறங்குவது. ஏற்கெனவே கைவண்டியும் டெம்போவும் பிதுங்கும் வழி. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலை ஒட்டி அத்தனை வண்டிகளையும் திருப்பிவிடுவதற்கு முன், அந்த வட்டாரத்து ஜனங்களை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

அப்போது கேட்க ஆள் இருக்கவில்லை என்பதும் உண்மை. மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் 2026 வரை நிர்வாக அதிகாரியின் ஆட்சி நடந்தது. பாலம் மூடப்பட்ட நாளில் தாராவியில் ஒரு வார்டுக்குக்கூட கவுன்சிலர் கிடையாது. சாக்கடை அடைத்தாலும் பாலம் அடைத்தாலும் வார்டு ஆபீஸ் படிக்கட்டுதான் கதியாக இருந்தது.

இதில் இன்னொரு சிக்கல், பாலத்துக்கு எஜமானர் இருவர். தண்டவாளத்துக்கு மேலே தொங்கும் பகுதி ரயில்வேயுடையது. இருபுறமும் ஏறி இறங்கும் அப்ரோச் ரோடு மாநகராட்சியுடையது. டெண்டர் தனி, காண்டிராக்டர் தனி, கெடுவும் தனி. ஒருவர் முடித்தால் போதாது, இருவரும் முடித்து இரண்டும் சேர வேண்டும். தாமதம் ஏன் என்று ரயில்வேயைக் கேட்டால் மாநகராட்சியைக் காட்டுவார்கள். மாநகராட்சியைக் கேட்டால் ரயில்வேயைக் காட்டுவார்கள். ரயில்வே ஆபீசில் பைல் சுமக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. இரண்டு பேரும் பாதி உண்மையைச் சொல்கிறார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தேரியில் பார்த்தோம். கோகலே பாலத்தின் நடைபாதைப் பகுதி 2018 ஜூலை 3-ந் தேதி காலையில் தண்டவாளத்தின் மேல் விழுந்தது. பராமரிப்பு யார் பொறுப்பு என்று இரு இலாகாக்களும் வாதாடின. 2022 நவம்பர் 7-ந் தேதி பாலமே மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 26-ல் ஒரு பக்கத்தைத் திறந்தபோது ஊரே சிரித்தது. புதிய பாலம் உயரமாக நிற்கிறது, அதோடு சேர வேண்டிய பர்ஃபிவாலா மேம்பாலம் ஆள் உயரத்துக்கும் மேலே வித்தியாசத்தில் கீழே கிடக்கிறது! ரயில்வே பாதைக்கு மேலே விட வேண்டிய இடைவெளியின் அளவு மாறியிருந்தது. அதற்கேற்பப் பாலம் உயர்ந்தது, பக்கத்து மேம்பாலம் உயரவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி அதைச் சேர்க்க 2024 ஜூலை ஆயிற்று. முழுப் பாலமும் திறந்தது 2025 மே மாதம். வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தால், அந்தேரியில் பத்தாவது படிக்கும் பையன்கூட 'இது அதோடு எப்படிச் சேரும்?' என்று கேட்டிருப்பான்.

'இஞ்சினீயரிங் விஷயம், ஜனங்களுக்கு என்ன தெரியும்?' என்பார்கள். 2019 மார்ச் 14-ந் தேதி மாலை சி.எஸ்.எம்.டி. வாசலில் ஹிமாலயா நடைபாலம் இடிந்து ஏழு பேர் உயிர் போயிற்று. அந்தப் பாலத்தைப் பரிசோதித்து, சில்லறை ரிப்பேர் செய்தால் போதும் என்று முன்னமே எழுதியிருந்தார்கள். தெரிந்தவர்கள் எழுதியதுதான் அது. அந்த அறிக்கை அலமாரியில் இருந்தது. பாலத்தின் மேல் நடந்தவர் கையில் இல்லை.

சொல்ல முடியாது என்பதும் இல்லை. கர்னாக் பாலத்தை இடிக்க 2022 நவம்பர் 19, 20 தேதிகளில் 27 மணி நேர பிளாக் எடுத்தார்கள். எந்த வண்டி ரத்து, எது தாதரோடு நிற்கும் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொன்னார்கள். கர்டர் தூக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டும், 25,000 வோல்ட் மின்கம்பியில் மின்சாரத்தை அணைக்க வேண்டும். நினைத்த இரவில் நடக்கிற காரியம் அல்ல. எந்த ராத்திரி, எந்த லைன், எத்தனை மணி நேரம் என்று பல நாட்களுக்கு முன்பே காகிதத்தில் ஏறிவிடும். ஆகவே இல்லாத தேதியை உண்டாக்கிச் சொல்லும்படி நாம் கேட்கவில்லை. ஆபீசில் இருக்கும் தேதியைப் பாலத்தடியில் ஒரு பலகையில் எழுதும்படி கேட்கிறோம். தேதி தவறினால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதையும், தவறிய காரணத்தையும் எழுதட்டும். மராத்தி, இந்தியோடு தமிழிலும் எழுதட்டும். 90 அடி ரோட்டில் எத்தனை வீட்டில் தமிழ் மட்டும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வாக்காளர் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாதா?

எல்பின்ஸ்டன் பாலத்தில் ஜனங்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் மூட வந்தபோது, பக்கத்துக் கட்டிடக்காரர்கள் 'எங்கள் வீடு என்ன ஆகும், முதலில் அதைச் சொல்' என்று ரோட்டில் நின்றார்கள். மூடுவது செப்டம்பர் 12 வரை தள்ளிப்போயிற்று. தாமதத்துக்கு ஜனங்கள்தான் காரணம் என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக் கணக்கை முதலிலேயே முடித்துவிட்டு வந்திருந்தால் ஏப்ரலிலேயே மூடியிருக்கலாம்.

நாம் ரோட்டில் நிற்குமுன் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் மனுப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய். ரயில்வேக்குத் தபால் ஆர்டராக அனுப்பலாம். மாநகராட்சிக்கு கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். எஜமானர் இருவர் ஆனதால் மனுவும் இரண்டு. மாநில விதிப்படி மாநகராட்சி மனு ஒரே விஷயத்தைப் பற்றி, 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். நமது சங்கங்களில் ஆறு பக்கம் எழுதும் பெரியவர்கள் கவனிக்க! ஒப்பந்தப்படி முடிய வேண்டிய தேதி எது, எத்தனை முறை நீட்டித்தார்கள், நீட்டித்ததற்குக் காண்டிராக்டரிடம் அபராதம் வாங்கினார்களா, ஆஸ்பத்திரி வழியில் ஆம்புலன்சுக்கு என்ன ஏற்பாடு, இவ்வளவு கேட்டால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே ஆபீசில் மேலதிகாரியிடம் அப்பீல் உண்டு. மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள், அப்பீலுக்கு அவை வேண்டும்.