வீடு முழுக்க ஒரே டைல்ஸா?

வாசற்படி முதல் குளியலறை வரை ஒரே மினுமினுப்பு டைல்ஸ் போட்டால் வீடு பெரிதாகத் தெரியும், துடைப்பதும் சுலபம் என்கிறார்கள். கடைக்காரருக்கும் சுலபம்தான்: ஒரே நிறம், ஒரே பில்.

ஆனால் நம் வீடு இருப்பது ஹந்தானை மலைச் சரிவில். மழைக்கால இரவில் குளிர்ந்துபோன தரையில் காலையில் ஈரக்காற்று பட்டதும் தண்ணீர் வியர்த்து நிற்கும். சாதாரண சீமெந்துத் தரை அதைக் கொஞ்சம் குடித்துவிடும். போர்சலின் குடிக்காது, அது உறிஞ்சும் நீர் அரை சதவீதத்துக்கும் குறைவு. குசினியில் அதே குணம் வரம், மஞ்சள் கறைகூட இடுக்குச் சாந்தில்தான் தங்கும். மழையில் நனைந்த செருப்போடு ஏறும் விறாந்தையில் அதே குணம் இடுப்பை உடைக்கும். அங்கேயும் குளியலறையிலும் சொரசொரப்பான ஓடுதான் வேண்டும். பெட்டியில் ஆர் 9 என்றிருந்தால் குளியலறைக்கு வாங்காதீர்கள். எண் கூடக் கூடப் பிடிப்பும் கூடும்.

படுக்கையறைக்கு? சிவப்புச் சீமெந்தும் மெழுகும் போதும். பழசு என்று முகம் சுளிப்பவர்கள், 1925இல் கட்டி இன்று அருங்காட்சியகமாக நிற்கும் ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஒரு நடை போய் வரட்டும். அந்தக் காலத் தொழிற்சாலைகளில் இயந்திரம் நிற்கும் கீழ்த்தளத்துக்குச் சீமெந்து, கொழுந்து வாட்டும் மாடிக்குப் பலகை. தேயிலைக்கே தளம் பார்த்துத் தரை போட்டார்கள். மரம்தான் ஆசையென்றால் மாடியில் போடுங்கள்; கீழே போட்டால் கறையானுக்கும் சேர்த்து வீடு கட்டுகிறீர்கள்.