சமுதாயக் கல்லூரி முடித்தாச்சு... அடுத்து எங்கே?

கடியப்பட்டணத்தில் கடல்தொழிலுக்குப் போகிறவரின் மகள் ஒருத்தி, பத்தாவது பாஸ் ஆனதோடு நின்றவள், சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு டிப்ளமோ முடித்து வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி கேட்பது ஒன்றுதான்: "இனி என்ன செய்யப் போற மக்களே?"

அந்தக் கேள்வியில் சந்தோஷம் பாதியாகிவிடும். தினமும் பஸ் ஏறிப் போனது, தோழிகள், நாலு பேர் முன்னால் எழுந்து பேசிய தைரியம் எல்லாமே ஒரே நாளில் முடிந்துபோகிறது. மார்க்கைவிட இதை இழப்பதுதான் வலிக்கும்.

அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் ஜூனியர் கல்லூரியோடு தொடங்கிய ஏற்பாடு இது. இந்தியாவுக்கு 1995-ல் புதுச்சேரி வழியாக வந்தது; அடுத்த ஆண்டு சென்னைக்கு. ஆனால் வரும்போது ஒன்று விட்டுப்போச்சு. அங்கே இரண்டு ஆண்டு முடித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கே போக வழி உண்டு. இங்கே ஓராண்டு டிப்ளமோ பிளஸ் டூவுக்கு ஈடாகாது. டிகிரி படிக்க பிளஸ் டூ வேண்டும். யுஜிசி 2013-ல் கொண்டுவந்த திட்டம் மேற்படிப்புக்கு வழி பேசினாலும், பத்தாவதோடு நின்ற இவளுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

டிப்ளமோவில் சேரும்போதே தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கும் பெயர் பதிந்து கொடுத்தால் என்ன? சேர்க்கை ஆன்லைனில்தான். கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் கல்லூரிக்கு இது ஒரு மத்தியான நேர வேலை.